விட்ட இடம் எது?

தாமல் ஏரிப் பக்கமாகச் செல்லும் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் மேற்கே போனால் வேலூர் வரும். நர்சிங் பட்டப்படிப்பு இந்தியாவில் முதன்முதலாகத் தொடங்கிய இடங்களுள் ஒன்று அங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரி, ஆண்டு 1946. கிழக்கே போனால் காரப்பேட்டை அரசு அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை, காஞ்சிபுரம், அதற்கப்பால் சென்னை. அமெரிக்காவில் நர்சாக வேலை செய்ய உரிமம் தரும் ‘என்க்ளெக்ஸ்’ தேர்வைக் கடல் கடக்காமலே எழுதச் சென்னையில் மையம் இருக்கிறது. தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த ஒரு பெண், படிப்புக்கும் வேலைக்கும் பரீட்சைக்கும் இந்த ஒரே சாலையில் போய்வந்துவிட முடியும். அந்தப் பரீட்சையில் தோற்றுவிட்டால் மறுபடி எப்படிப் படிப்பது என்று கேட்டால் மட்டும் ஆளுக்கொரு வழி சொல்கிறார்கள்.

முதல் பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் படி என்பார் ஒருவர். புத்தகத்தை மூடிவிட்டுக் கேள்வி மட்டும் போட்டுப் பார் என்பார் இன்னொருவர். உன் படிப்பில் குறையில்லை, இங்கிலீஷில்தான் குறை என்பார் மூன்றாமவர். பதற்றம்தான் காரணம் என்பாரும் உண்டு, பரீட்சையே சரியில்லை என்பாரும் உண்டு. இந்தப் பதில்கள் எவையும் நேற்று முளைத்தவை அல்ல. ஒவ்வொன்றும் ‘தோல்வி’ என்ற சொல்லுக்குத் தனக்கென ஒரு பொருளை வைத்துக்கொண்டு பேசுகிறது. அந்தப் பொருள்களைப் பிரித்துப் பார்க்காமல் எந்த வழி நல்ல வழி என்று கேட்பதில் பயனில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

எந்தத் தேர்வு?

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிவிடலாம். தமிழ்நாட்டில் நர்சாகப் பதிவு பெறத் தனி உரிமத் தேர்வு கிடையாது. 1926ஆம் ஆண்டின் சென்னை செவிலியர், தாதியர் சட்டத்தின் வழிவந்த மாநிலக் குழுமம், அங்கீகாரம் பெற்ற படிப்பை முடித்துத் தேறியவர்களைப் பதிவு செய்கிறது. அதாவது டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்சி. இறுதித் தேர்வோ, ஜி.என்.எம். தேர்வோதான் உரிமத் தேர்வின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது. அதில் தவறினால் அதற்குப் பெயர் ‘அரியர்’; தவறிய பாடத்தை மட்டும் மறுபடி எழுதினால் போதும்.

மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வு வேறு கதை. 2012இல் அமைந்த அந்த வாரியம் 2015இல் 7,243 நர்சுகளை எடுக்க நடத்திய எழுத்துத் தேர்வு இன்றும் பேசப்படுகிறது. ஆனால் அது வேலைக்கான போட்டித் தேர்வு. அதில் தோற்றவர் நர்ஸ் இல்லை என்று யாரும் சொல்லப்போவதில்லை.

ஆகவே உரிமத் தேர்வில் தோற்பது என்பது நம்மவர்களுக்குப் பெரும்பாலும் வெளிநாட்டு வாசலில் நடக்கும் விஷயம். அமெரிக்காவின் என்க்ளெக்ஸ், பிரிட்டனின் கணினித் தேர்வும் ‘ஆஸ்கி’ என்னும் செய்முறைத் தேர்வும், வளைகுடா நாடுகளுக்காக எழுதுகிறவர்கள் ‘ப்ரோமெட்ரிக்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடும் தேர்வுகள், ஜெர்மனியின் அறிவுத் தேர்வு ஆகியவையே இங்கே பேச்சு. எழுதுகிறவர் ஏற்கெனவே பதிவு பெற்ற நர்ஸ். பல ஆண்டுகள் வார்டில் நின்றவராகவும் இருக்கலாம். ‘எனக்கு வேலை தெரியும், பரீட்சைதான் வரவில்லை’ என்று அவர் சொல்வதை வெறும் சமாதானமாகத் தள்ளிவிட முடியாததற்கு இதுவே காரணம்.

பரீட்சையால் நர்சை அளக்க முடியுமா?

இந்த முறையீட்டுக்கு வயது நூற்று முப்பதுக்கும் மேல். 1887இல் எத்தெல் பெட்ஃபோர்ட் ஃபென்விக் பிரிட்டிஷ் செவிலியர் சங்கத்தைத் தொடங்கி, மருத்துவர்களைப் போல நர்சுகளுக்கும் அரசுப் பதிவேடு வேண்டும், பதிவுக்குப் பொதுவான தகுதி வேண்டும் என்று கேட்டார். அதை எதிர்த்தவர்களில் முதன்மையானவர் வேறு யாருமல்ல, ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல். நோயாளியின் பக்கத்தில் ஒருத்தி எப்படி நடந்துகொள்கிறாள் என்பதே நர்சிங். அதைத் தாளில் எழுதவைத்துக் கண்டுபிடிக்க முடியாது என்பது அவர் நிலை. வென்றது ஃபென்விக் தரப்பு. 1901இல் நியூசிலாந்து முதல் தேசியப் பதிவுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. பிரிட்டன் 1919இல் கொண்டுவந்தது. பதிவேடு திறந்தபோது அதில் முதல் எண் ஃபென்விக்குக்கே போனது. சென்னை மாகாணத்தின் 1926 சட்டம் இதே அலையில் வந்ததுதான்.

வென்றது ஃபென்விக் என்றாலும் நைட்டிங்கேலின் கேள்வி தீர்ந்துவிடவில்லை. பரீட்சை எதை அளக்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாதவரை, அதில் தோற்றவருக்கு எதில் குறை என்றும் உறுதியாகச் சொல்ல முடியாது. பின்வந்த தேர்வுகள் எல்லாம் ஒரு வகையில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் முயற்சிகள். ஆஸ்கியில் பொம்மையையும் நடிகரையும் நோயாளியாக வைத்துச் செய்துகாட்டச் சொல்கிறார்கள். 2023 ஏப்ரலில் மாறிய என்க்ளெக்ஸில், ஒரு நோயாளியின் கேஸ் ஷீட்டைப் பகுதி பகுதியாகக் காட்டி ஆறு கேள்விகள் கேட்கிறார்கள்: கவனிக்க வேண்டிய அறிகுறி எது, அதன் பொருள் என்ன, எது முதன்மை, என்ன செய்யலாம், எதைச் செய்வாய், செய்தது பலித்ததா என்று.

புத்தகமா, கேள்வியா?

தோல்வி என்றால் ‘தெரியாமை’ என்று கொள்பவர்கள் முழுப் பாடத்தையும் மறுபடி படிக்கச் சொல்கிறார்கள். நம் பள்ளிக்கூட மரபுக்கு இதுவே இயல்பான பதில். படித்து முடித்துப் பல ஆண்டுகள் ஒரே வகை வார்டில் இருந்தவருக்கு இது ஓரளவு பொருந்தவும் செய்யும். பத்து ஆண்டுகள் டயாலிசிஸ் பிரிவில் நின்றவருக்குப் பிரசவமும் மனநல மருந்தும் மறந்திருப்பதில் வியப்பில்லை. மனப்பாடம் செய்தது எவ்வளவு வேகமாகக் கரைகிறது என்பதை உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885லேயே தன்னையே சோதித்து எழுதிவைத்தார்.

இந்த மறதிக்கு மருந்து என்ன என்பதில்தான் மறுதரப்பு மாறுபடுகிறது. உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் வெளியிட்ட சோதனையில், ஒரே பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்த குழு ஐந்து நிமிடம் கழித்து நன்றாகச் சொன்னது. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் நிலைமை தலைகீழ்: ஒரு முறை படித்துவிட்டுப் பிறகு நினைவிலிருந்து எடுத்தெழுதிப் பழகியவர்கள் 61 விழுக்காடு நினைவில் வைத்திருந்தார்கள், படித்துக்கொண்டே இருந்தவர்கள் 40 விழுக்காடு. இதில் நம் கவனத்துக்குரியது, திரும்பத் திரும்பப் படித்தவர்களே தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியிருந்தார்கள் என்பது. நைட் டூட்டி முடித்து வந்து ஒரு பாடத்தை மூன்றாம் முறை படிக்கும்போது எல்லாம் தெரிந்ததுபோல் தோன்றுமே, அந்தத் தெம்பை அவ்வளவாக நம்ப முடியாது.

கோச்சிங் சென்டர்கள் வினா வங்கியைக் கொண்டாடுவதற்கு ஆய்வில் இப்படி ஓர் ஆதாரம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்தச் சோதனையில் கேட்டது, படித்த பகுதியை நினைவுகூர்வதை மட்டும். உரிமத் தேர்வு கேட்பது அதைத் தாண்டி நிற்கிறது.

ஒரு கேள்வியைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். டிகாக்சின் சாப்பிடும் நோயாளி. காலை ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 2.8, குமட்டல் என்கிறார், மாத்திரை கொடுக்கும் நேரம் வந்துவிட்டது. முதலில் என்ன செய்வாய்? டாக்டருக்குத் தெரிவிப்பது, மாத்திரையை நிறுத்திவைப்பது, பொட்டாசியம் தருவது, பரிசோதனையைக் கேஸ் ஷீட்டில் குறிப்பது என்று நான்கு விடைகள். பொட்டாசியம் குறைந்தால் டிகாக்சின் நஞ்சாகும் என்பது மூன்றாம் ஆண்டு மாணவிக்கும் தெரியும். ஆனாலும் நம் வார்டுகளில் பழகிய கை ‘டூட்டி டாக்டருக்குச் சொல்வது’ என்பதை நோக்கியே போகும். இங்கே அது பணிவும் பாதுகாப்புமான பதில். தேர்வு எதிர்பார்ப்பதோ, முதலில் மாத்திரையை நிறுத்து, பிறகு சொல் என்பதை. நான்கு விடைகளுமே செய்ய வேண்டியவைதாம், வரிசைதான் கேள்வி. இங்கே தவறியவர் மருந்தியல் புத்தகத்தை மறுபடி படித்து எந்தப் பயனும் இல்லை. ஆயிரம் கேள்விகளைப் போட்டு, சரியான விடைகளை எண்ணிக்கொண்டிருப்பதிலும் பெரிய பயன் இருக்காது. தான் ஏன் அந்த விடைக்குப் போனோம் என்று ஒவ்வொரு தவற்றின் பக்கத்திலும் எழுதிவைத்தால், அது தெரியாமையா, பழக்கமா, கேள்வியைப் பாதி படித்ததா என்பது ஐம்பது அறுபது கேள்விகளுக்குள் ஓரளவு துலங்கக்கூடும். பட்டுச் சேலையில் நெசவுப் பிசகைத் தேடுகிறவர் மடிப்பைப் பிரித்து அடிப்பக்கத்தைப் பார்ப்பதுபோல.

இளகியும் இறுகியும் வரும் தேர்வு

மறுதேர்வு ஆலோசனைகளில் மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது என்க்ளெக்ஸின் அமைப்பு. 1994 முதல் அது எழுதுபவருக்கு ஏற்ப மாறும் கணினித் தேர்வு. சரியாகச் சொன்னால் அடுத்த கேள்வி இறுகும், தவறினால் இளகும். ஒருவர் பாதிக்குப் பாதி தவறக்கூடிய மட்டத்தைத் தேடிப்பிடித்து, அந்த மட்டம் தேர்ச்சிக் கோட்டுக்கு மேலா கீழா என்பது 95 விழுக்காடு உறுதியானதும் கணினி நின்றுவிடும். குறைந்தது 85 கேள்விகள், அதிகம் போனால் 150; நேரம் ஐந்து மணி.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் தெரிகின்றன. ஒன்று, ‘பரீட்சை ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு’ என்ற நினைப்புக்கு எந்த மதிப்பும் இல்லை. கெட்டிக்காரருக்கும் பாதி தவறும்படிதான் கேள்வி வரும். தேறியவர்களும் தோற்றோம் என்று எண்ணியே வெளியே வருவது இதனால். இரண்டு, எத்தனையாவது கேள்வியில் தேர்வு நின்றது என்பது ஒரு தடயம். 85இல் நின்று தோற்றவர் கோட்டுக்குத் தெளிவாகவே கீழே இருந்தார். 150 வரை போய்த் தோற்றவர் கோட்டை ஒட்டி நின்றார். இருவருக்கும் ஒரே ஆலோசனை சொல்வது பொருத்தமில்லை. தோற்றவர்களுக்கு மட்டும் அனுப்பப்படும் அறிக்கையில், எட்டுப் பாடப்பகுதிகளில் ஒவ்வொன்றிலும் கோட்டுக்கு மேல், அருகில், கீழ் என்று குறித்திருக்கும். எந்தக் கேள்வி தவறியது என்று அது சொல்லாது. அதற்கு மேல் அதிலிருந்து பொருள் கறக்க முயல்வது வீண். ஆனால் அந்த ஒரு தாளைக்கூடச் சரியாகப் பாராமல் அடுத்த வகுப்புக்குப் பணம் கட்டுவது அதைவிட வீண்.

2022இல் அமெரிக்காவில் படித்து முதன்முறை எழுதியவர்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் தேறினார்கள். 2023இல் அது ஏறத்தாழ 89 ஆனது. ஓராண்டில் நர்சுகளின் அறிவு அவ்வளவு ஏறியிருக்கும் என்று நம்புவது கடினம். புதிய வடிவத்தில் பகுதி மதிப்பெண் உண்டு. கொரோனா காலத்தில் வார்டுப் பயிற்சி குறைந்த அணிகளும் மெல்லக் கடந்துபோயின. எது எவ்வளவு காரணம் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. தேர்ச்சிக் கோடு மட்டும் மாறவில்லை என்பது தேர்வை நடத்தும் மன்றத்தின் நிலை.

இங்கிலீஷ்தான் தடையா?

தோல்வி மொழியால் வருவது என்ற வாதத்துக்கு ஜப்பானைவிடத் துலக்கமான சான்று இல்லை. பொருளாதார உடன்படிக்கையின் கீழ் 2008 முதல் இந்தோனேசியாவிலிருந்தும், 2009 முதல் பிலிப்பைன்சிலிருந்தும் நர்சுகள் அங்கே போனார்கள். எல்லோரும் தங்கள் நாட்டில் தகுதி பெற்றவர்கள். ஜப்பானியத் தேசியத் தேர்வை 2009இல் 82 பேர் எழுத ஒருவரும் தேறவில்லை. 2010இல் 254 பேரில் 3 பேர். 2011இல் 398 பேரில் 16 பேர். அதே தேர்வில் ஜப்பானியர்கள் பத்துக்கு ஒன்பது பேர் தேறிக்கொண்டிருந்தார்கள். படுக்கைப்புண் என்பதற்கான சித்திர எழுத்தே ஜப்பானியருக்கும் திணறலைத் தருவது என்று அங்கே பத்திரிகைகள் எழுதின. 2013 முதல் வெளிநாட்டவருக்கு எழுத்துகளுக்கு மேல் உச்சரிப்புக் குறியும், மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான கூடுதல் நேரமும் தந்தார்கள்.

மொழிதான் எல்லாம் என்றால் தேர்ச்சி எகிறியிருக்க வேண்டும். அடுத்த ஓரிரு ஆண்டுகளும் அது பத்து விழுக்காட்டை ஒட்டியே நின்றது. வாசிக்க முடிவதும் ஒரு நாட்டின் மருத்துவப் பழக்கத்துக்குள் இருந்து யோசிப்பதும் வேறு வேறு என்று இதற்கு விளக்கம் சொல்லலாம். பகல் முழுதும் உதவியாளராக வேலை, இரவில் படிப்பு என்ற ஏற்பாடே காரணம் என்றும் சொல்லலாம். இரண்டும் சேர்ந்ததாகவே தோன்றுகிறது.

தமிழ்நாட்டு நர்சின் நிலை இதிலிருந்து வேறுபட்டது. அவர் நர்சிங்கை ஆங்கிலத்தில்தான் படித்தார். கேஸ் ஷீட்டை ஆங்கிலத்தில்தான் எழுதுகிறார். ஆனால் நோயாளியோடு பேசுவது முழுக்கத் தமிழில். ஆங்கிலத்தில் ஆறுதல் சொல்லும் வாக்கியம் அவர் வாயில் ஒருநாளும் புழங்கியதில்லை. நோயாளியிடம் என்ன சொல்வாய் என்று கேட்கும் மனநலக் கேள்விகளிலும், ஆஸ்கியின் உரையாடல் பகுதியிலும், ஓ.இ.டி. என்னும் மொழித் தேர்விலும் இந்த இடைவெளி முகம் காட்டுகிறது. தோற்றவரைப் பொதுவாக ‘இங்கிலீஷை வளர்த்துக்கொள்’ என்று அனுப்புவதற்கும் இதற்கும் தூரம் அதிகம். அவருக்கு வேண்டியது இலக்கணம் அல்ல. வார்டில் பேசும் ஆங்கிலம்.

விதிகள் சொல்லும் பதில்கள்

மறுபடி எழுத வருபவரை ஒவ்வொரு நாடும் நடத்தும் விதத்தைப் பார்த்தால், தோல்வியை அது எப்படிப் புரிந்துவைத்திருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

அமெரிக்கத் தேர்வில் பகுதித் தேர்ச்சி கிடையாது. குறைந்தது 45 நாள் இடைவெளி விட்டு, மறுபடி முதலிலிருந்து. அதன் பார்வையில் திறமை என்பது ஒரே அளவுகோலில் ஒரு புள்ளி. ஃபுளோரிடா போன்ற மாநிலம், மூன்று முறை தோற்றவரைச் சீரமைப்புப் படிப்பு முடித்த பிறகே விடும். பிரிட்டனின் ஆஸ்கியில் பத்து நிலையங்கள். ஏழு வரை தவறினால் தவறியவற்றை மட்டும் செய்தால் போதும். எட்டைத் தொட்டால் முழுத் தேர்வு. மூன்று முயற்சிகள் முடிந்தால் ஆறு மாதம் காத்திருந்து புதிதாக விண்ணப்பம். நம் அரியர் முறைக்கு இது நெருக்கம்: உடைந்த இடத்தை மட்டும் சரிசெய். ஜெர்மனியில் அறிவுத் தேர்வை ஒரே ஒரு முறைதான் மறுபடி முயலலாம். ஆனால் தேர்வே வேண்டாம் என்று, மருத்துவமனையில் வேலை செய்தபடியே தழுவல் பயிற்சியை முடிக்கும் வழியையும் தொடக்கத்திலேயே தேர்ந்துகொள்ளலாம். நைட்டிங்கேல் இருந்திருந்தால் அதைத்தான் தேர்ந்திருப்பார்.

ஆஸ்கியில் தவறுவதும் தனி வகை. ஊசி போடத் தெரியாமல் அங்கே தோற்பவர் அரிது. கை கழுவாமல் படுக்கையைத் தொட்டது, பெயரையும் பிறந்த தேதியையும் கேட்டுக் கைப்பட்டையோடு ஒப்பிடாதது, செய்வதை வாய்விட்டுச் சொல்லாதது என்று, நாற்பது நோயாளிகளைத் தனியொருவராகப் பார்த்துப் பழகிய கை சுருக்கிக்கொண்ட படிகளே காலை வாரும். இதற்கு மறுபயிற்சி என்பது நேரம் வைத்து, ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, நின்று செய்வதுதான். கணினித் தேர்வின் கணக்குப் பகுதி இதற்கு நேர்மாறு, 1000 மி.லி. ட்ரிப்சை 8 மணி நேரத்தில் ஏற்ற, மில்லிக்கு 20 சொட்டு என்றால் நிமிடத்துக்கு 42 என்பதில் விவாதத்துக்கு இடமில்லை. தனியே உட்கார்ந்து பழகினால் தீரும்.

பதற்றமும் இடைவெளியும்

பதற்றத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. தேர்வுக்கு முன் பத்து நிமிடம் தன் அச்சத்தை எழுதியவர்கள் நன்றாகச் செய்தார்கள் என்று ரமிரெஸும் பைலாக்கும் 2011இல் காட்டினார்கள். எல்லா இடத்திலும் அதே பலன் கிட்டியதாகச் சொல்ல முடியாது. செலவு ஏதுமில்லை என்பதால் செய்துபார்ப்பதில் தவறில்லை.

எவ்வளவு காலம் கழித்து எழுதுவது என்பது இதைவிடச் சிக்கலானது. படித்து முடித்ததற்கும் தேர்வுக்கும் இடைவெளி கூடக்கூடத் தேர்ச்சி குறைவதை அமெரிக்கப் புள்ளிவிவரங்கள் நெடுங்காலமாகக் காட்டுகின்றன. சீக்கிரம் எழுது என்ற ஆலோசனை இதிலிருந்தே பிறக்கிறது. ஆனால் தள்ளிப்போடுகிறவர்கள் பலர் ஏற்கெனவே தடுமாறுகிறவர்கள், அல்லது வேலையும் குழந்தையும் வைத்திருப்பவர்கள். இடைவெளி காரணமா, அடையாளமா என்பது பிரியவில்லை. சென்னையில் எழுதுபவருக்கு என்க்ளெக்ஸ் கட்டணம் 200 டாலர், வெளிநாட்டு மையக் கட்டணம் 150 டாலர், அதற்கு மேல் வரி. தோற்றால் மறுபடி அதே தொகை. 45 நாளில் திரும்ப எழுது என்பது நெசவுக் கூலியை நம்பும் வீட்டில் படிப்பு பற்றிய ஆலோசனையாக மட்டும் இருப்பதில்லை.

தீராதவை

இந்த நிலைப்பாடுகளுக்குள் எது மேல் என்று ஆய்வுகளைக் கொண்டு தீர்ப்புச் சொல்ல முடியுமா? இப்போதைக்குக் கடினம். அமெரிக்க மாநிலங்கள் நர்சிங் கல்லூரிகளை எடைபோடுவது பெரும்பாலும் முதல் முறைத் தேர்ச்சியை வைத்து. அதனால் முதல் முறையில் தேறுபவர் யார் என்று ஆய்வுகள் குவிந்து கிடக்கின்றன. இரண்டாம் முறை எழுதுபவர் யாருடைய கணக்கிலும் இல்லை. அமெரிக்காவில் படித்தவர்களுக்குள்ளேயே மறுபடி எழுதுவோரில் தேறுபவர்கள் பாதியை ஒட்டியே இருக்கிறார்கள் என்பது தெரிகிறது. எப்படிப் படித்தவர்கள் தேறினார்கள் என்பது அந்த அளவு தெரிவதில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. கோட்டை ஒட்டி நின்று தோற்றவர், எதையும் மாற்றாமல் மறுபடி எழுதினாலும் தேறிவிட ஓரளவு வாய்ப்பு உண்டு. எந்தத் தேர்வின் அளவீட்டிலும் சிறு ஊசலாட்டம் இருக்கும். இடையில் அவர் எந்த வகுப்பில் சேர்ந்தாரோ, எந்த ஆப் வாங்கினாரோ, பெயர் அதற்குப் போய்விடும். தேறியவர்கள் சொல்லும் வழிகளை ஆதாரமாகக் கொள்ளும்போது இந்தத் தள்ளுபடியைச் செய்தாக வேண்டும். தெளிவாகக் கீழே நின்றவர்களைத் தூக்கிவிட்ட வழி எது என்று காட்டினால்தான் அது சான்று.

கேள்வி வழியாகப் பழகுவது வெறுமனே திரும்பப் படிப்பதைவிட மேல் என்பதும், தோல்வியின் வகையைக் கண்டறிந்த பிறகே வழியைத் தேர வேண்டும் என்பதும் இப்போதைய அறிவுக்கு ஏறக்குறைய உறுதி. ஒரு தவறு பழக்கத்திலிருந்து வந்ததா, அறிவிலிருந்தா, மொழியிலிருந்தா என்று வெளியிலிருந்து சொல்ல நம்பகமான கருவி இருக்கிறதா என்பது திறந்த கேள்வி. இங்கே பழகிய ஒழுங்கும் அங்கே கேட்கும் ஒழுங்கும் மோதும்போது, எதை நல்ல நர்சிங் என்பது அதைவிடப் பெரிய கேள்வி; டிகாக்சின் மாத்திரையில் தேர்வு சொல்வதே சரி, ஆனால் எல்லாக் கேள்விகளிலும் அப்படி என்று சொல்லிவிட முடியாது.

என்க்ளெக்ஸ் மன்றம் வெளிநாட்டவரின் முடிவுகளை நாடு வாரியாக வெளியிடும்போது பட்டியலில் பிலிப்பைன்சோடு இந்தியாவும் தவறாமல் இடம்பெறுகிறது. அதில் கேரளம், பஞ்சாப், தமிழ்நாடு என்ற பிரிவு இல்லை. அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இங்கே நர்சுகளுக்கு ஜெர்மன் மொழி வகுப்பு நடத்தி அனுப்புகிறது. அங்கே போய் ஒரு முறை தோற்று, மிச்சமுள்ள அந்த ஒரே வாய்ப்புக்காகப் படித்துக்கொண்டிருப்பவரை அந்த வகுப்பு திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டுமா என்பதும் இன்னும் கேட்கப்பட வேண்டிய கேள்விகளில் ஒன்று.